சொந்த ஊருக்கு வந்துவிட்டாய் என்கிறார்கள்: மலேசியாவிலிருந்து வந்து சென்னையில் பிள்ளை வளர்ப்பவர்கள் இருக்கிறீர்களா?

ஈப்போ மகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஈப்போவில் பிறந்து வளர்ந்தவள். 2008இல் சென்னைக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு போரூருக்கு வந்தேன். பெரியவளுக்கு 16 வயசு, சின்னவனுக்கு 13. இத்தனை வருஷமாக மனசில் கிடந்ததை இப்போது எழுதக் காரணம், போன வாரம் சின்னவன் கொண்டுவந்த தமிழ்க் கட்டுரைத் தாள்.

விடுமுறை நாள் பற்றிய கட்டுரை. மே மாதம் ஈப்போவில் தாத்தா வீட்டில் (என் சித்தப்பா) இருந்ததை எழுதியிருக்கிறான். "காலையில் பசியாறிவிட்டுச் சடக்கோரமாக நடந்து போனோம். தாத்தா ஐந்து வெள்ளிக்கு நாசி லெமாக் வாங்கித் தந்தார்." நாசி லெமாக் என்பது அங்கே தேங்காய்ப்பால் சோறு. பசியாறி (காலைச் சாப்பாடு சாப்பிட்டு), சடக்கு (சாலை), வெள்ளி (மலேசியப் பணம்) மூன்றையும் ஆசிரியை சிவப்பு மையில் வட்டம் போட்டு, ஓரத்தில் "கொச்சைத் தமிழ்" என்று எழுதிவிட்டார். மூன்று மதிப்பெண் போனது. அது போகட்டும். சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அவன் கேட்டான்: "அம்மா, அப்ப பாட்டி பேசுறது எல்லாம் தப்பா?" எனக்குச் சோறு இறங்கவில்லை.

இவன் சென்னையிலேயே பிறந்தவன். இந்தியப் பாஸ்போர்ட். பெரியவளைத் தலைப்பிரசவம் என்று அம்மா வீட்டுக்குப் போய் ஈப்போவில் பெற்றேன், அதனால் அவள் மலேசியக் குடிமகள். இரண்டாவது பிரசவத்துக்குப் போக முடியவில்லை, இவன் இந்தியன். ஆனால் பேச்சில் எல்லாம் தலைகீழ். அவள் வாயைத் திறந்தால் அசல் சென்னைப் பொண்ணு. இவனோ தினமும் பாட்டியோடு போனில் பேசிப் பேசி ஈப்போத் தமிழ் பேசுகிறான்.

2017இல் கோலாலம்பூர் விமான நிலையத்தில் நடந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. நானும் மகளும் மலேசியர் வரிசையில், அவரும் மகனும் வெளிநாட்டவர் வரிசையில். அவனுக்கு அப்போது 5 வயசு. அப்பாவின் பேண்டைப் பிடித்துக்கொண்டு, "அக்கா ஏன் அந்தப் பக்கம் போறா?" என்று அந்தக் கூடமே திரும்பிப் பார்க்க அழுதான். திரும்பி வரும்போது மீனம்பாக்கத்தில் அதே கதை, ஆள் மட்டும் மாறினார்கள். அவர்கள் இந்தியர் வரிசையில் விறுவிறுவென்று போய்விட, நாங்கள் இரண்டு பேரும் பாரம் எழுதிக்கொண்டு நின்றோம்.

நான் கேட்க வந்தது இதுதான். ஆஸ்திரேலியாவுக்கோ கனடாவுக்கோ போயிருந்தால், "ஊர் பழகிருச்சா, பிள்ளைங்க எப்படி இருக்காங்க" என்று பத்துப் பேராவது விசாரித்திருப்பார்கள். சென்னைக்கு வந்ததால் முதல் நாளிலிருந்தே "நம்ம ஊருக்கு வந்துட்டே, இனி என்ன" என்ற ஒரே பேச்சு. அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல வழியில்லாமல் அந்தப் பேச்சே வாயை அடைத்துவிடுகிறது. கோயில், சாமி, சாப்பாடு, மொழி எல்லாம் ஒன்றுதானே, அப்புறம் உனக்கு என்ன கஷ்டம்? பதில் சொல்லத் தெரியாமலே பதினேழு வருஷம் ஓடிவிட்டது.

என்னைப் போல யாராவது இருந்தால் எழுதுங்கள். பள்ளிக்குப் போய்ப் பேசலாமா, வேண்டாமா என்றும் சொல்லுங்கள். அடுத்தது, பெரியவள் மருத்துவம் படிக்க ஆசைப்படுகிறாள். அவள் பாஸ்போர்ட் அதற்குத் தடையாக வருமா?

கீழக்கரையான் எழுதியது:

பசியாறுவது கொச்சையா? எங்கள் ஊரில் காலைச் சாப்பாட்டுக்குப் பெயரே பசியாறுதல்தான். மண்ணடியில் முப்பது வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன், இன்றைக்கும் காலையில் "பசியாறியாச்சா" என்றுதான் கேட்கிறோம். தம்பிக்குச் சொல்லுங்கள், அவன் பாட்டி பேசுவது நல்ல தமிழ்.

மாதவரம் பேரன் எழுதியது:

அக்கா, உங்கள் பதிவை என் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கு இப்போது 64 வயது. முழுவதும் கேட்டுவிட்டு வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை.

தாத்தா பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். அவரிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை, அதாவது குடியிருக்கலாம், குடியுரிமை கிடையாது. மலேசியாவில் 1969 இனக் கலவரத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுக்க வேண்டும் என்ற சட்டத்தைக் கண்டிப்பாக அமல்படுத்தினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஆயிரக்கணக்கான தோட்டத்து ஜனங்கள் அந்தப் பெர்மிட்டுக்குப் பயந்தே கப்பல் ஏறிவிட்டார்கள். 1970இல் பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறி நாகப்பட்டினத்தில் இறங்கினார்கள். அப்பாவுக்கு 9 வயது. திருவண்ணாமலைப் பக்கம் தாத்தாவின் பூர்வீகக் கிராமம். அங்கே தாத்தாவைத் தவிர ஒருவருக்கும் யாரையும் தெரியாது. தாத்தாவும் ஊரை விட்டபோது சின்னப் பிள்ளை.

ஊரில் எல்லோரும் பெட்டியைப் பார்த்தார்களாம். மலாயாவிலிருந்து வந்தவன் தங்கமாகக் கொண்டுவந்திருப்பான் என்று. பெட்டியில் இருந்தது நாலு கைலி, ஒரு கம்பளி, ஒரு பால் வெட்டும் கத்தி. அந்தக் கத்தி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவ வேண்டும் என்பதற்காக முனை வளைந்திருக்கும். ரப்பர் மரமே இல்லாத ஊரில் பாட்டி அதை எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்திருந்தார்.

அப்பாவைப் பள்ளியில் சேர்த்தபோது, தோட்டத்துப் பள்ளிக்கூடப் படிப்பு இங்கே செல்லாது என்று ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்துவிட்டார்கள். ஆறு வயதுப் பிள்ளைகள் நடுவில் அவர் மட்டும் உயரமாக உட்கார்ந்திருப்பார். பாட்டி சாகும்வரை அந்த ஊருக்கு "மலாயாக்காரி"தான். பர்மாவிலிருந்து வந்தவர்களுக்காவது சென்னையில் பர்மா பஜார் என்று ஒரு பெயர் நிலைத்தது, வியாசர்பாடியில் அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) கடை போட்டு இன்றும் நாலு பேர் கூடுகிறார்கள். மலாயாவிலிருந்து வந்தவர்கள் ஆளுக்கொரு கிராமமாகச் சிதறிப்போனார்கள். பேசிக்கொள்ளக்கூட ஒரு தெரு அமையவில்லை.

மயிலை வாசி எழுதியது:

சகோதரி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனாலும் கொஞ்சம் மாறுபடுகிறேன். என் அம்மா திருநெல்வேலி. சென்னைக்கு வந்த புதிதில் அவர் பேச்சையும்தான் தெருவில் சிரித்தார்கள். மதுரையிலிருந்து வந்தாலும் கோவையிலிருந்து வந்தாலும் பிள்ளைகள் வீட்டுப் பேச்சு ஒன்று, பள்ளித் தமிழ் ஒன்று என்றுதான் வளர்கிறார்கள். தேர்வில் பொதுத் தமிழை எதிர்பார்ப்பது ஆசிரியையின் கடமை. இதைப் புலம்பெயர்ந்த வேதனை என்று எடுத்துக்கொண்டால், பிள்ளை மனசில் தான் வேற்றாள் என்ற எண்ணத்தை நாமே விதைப்பது போல ஆகிவிடும். சென்னை யாரையும் தள்ளி வைக்கிற ஊர் இல்லை. நான் இதை மனசாரச் சொல்கிறேன்.

ஈப்போ மகள் எழுதியது:

அண்ணன், நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சென்னை என்னைத் தள்ளவில்லை. வெள்ளம் வந்த 2015 டிசம்பரில் பெயர்கூடத் தெரியாத எதிர் வீட்டார் நாலு நாள் எங்களுக்குச் சோறு போட்டார்கள். அதை எந்தக் காலத்திலும் மறக்க மாட்டேன்.

ஆனால் திருநெல்வேலிக்கு ராத்திரி பஸ் இருக்கிறது. அம்மாவுக்கு முடியவில்லை என்றால் ஏறி உட்கார்ந்தால் விடிகாலையில் போய்ச் சேரலாம். என் நிலைமை வேறு. வந்த புதிதில் நுழைவு விசா, வேலைக்குப் போக அனுமதி இல்லை. ஈப்போவில் பேங்கில் சொந்தச் சம்பாத்தியத்தில் இருந்தவள், இங்கே பூ வாங்கவும் வீட்டுக்காரரிடம் கை நீட்ட வேண்டியிருந்தது. அவர் நல்ல மனுஷன், ஒரு நாளும் கணக்குக் கேட்டதில்லை. ஆனாலும் கூச்சம் கூச்சம்தானே.

அப்பா 2020 செப்டம்பரில் தவறினார். மார்ச் மாதத்திலிருந்தே இரண்டு பக்கமும் அடைத்தாகிவிட்டது. மலேசிய எல்லை முழுசாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1இல். ஈப்போ நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி. அங்கே காலை ஆறரைக்குச் சடங்கை ஆரம்பித்தார்கள். இங்கே விடியற்காலை நாலு மணி, பிள்ளைகள் தூங்குகிறார்கள். அடுப்படியில் போனை எண்ணெய்த் தூக்கில் சாய்த்து வைத்துக்கொண்டு பார்த்தேன். என் தம்பி போனைப் பிடித்திருந்தான், அவன் கை நடுங்கியதில் அப்பா முகம் ஒரு நிலையில் நிற்கவில்லை. வாய்க்கரிசி போட நான் இல்லை. விடிந்ததும் கீழ் வீட்டு அம்மா விசாரிக்க வந்து, "என்ன செய்றது, நீ இருக்கிறது உன் சொந்த ஊரு, மனசைத் தேத்திக்கோ" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. ஆனால் அந்த நிமிஷம்தான் தெரிந்தது, நான் தூர தேசத்தில் இருக்கிறேன் என்பது இங்கே யாருக்கும் தோன்றவே இல்லை.

மயிலை வாசி எழுதியது:

மன்னிக்கவும் சகோதரி. இதை நான் யோசிக்கவில்லை.

தாள் வேலை எழுதியது:

குடியுரிமை, விசா சம்பந்தமான தாள்களோடுதான் என் தினசரி வேலை. கேட்டதற்கு மட்டும் சொல்கிறேன்.

இந்தியாவும் மலேசியாவும் இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. ஓ.சி.ஐ. (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்குத் தரும் அட்டை) என்பது குடியுரிமை அல்ல, காலவரையில்லாத விசா மாதிரி. ஓட்டுப் போட முடியாது, அரசு வேலை கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. மற்றபடி வேலை பார்க்கலாம், வீடு வாங்கலாம், 180 நாளுக்கு மேல் தங்கினாலும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டியதில்லை.

மகளுக்கு எப்போது ஓ.சி.ஐ. எடுத்தீர்கள் என்பது முக்கியம். 2021 மார்ச் 4ஆம் தேதி ஓர் அறிவிக்கை வந்தது. மருத்துவம் போன்ற படிப்புகளுக்கு ஓ.சி.ஐ. மாணவர்கள் வெளிநாடு வாழ் இந்தியர் இடங்களுக்கு மட்டுமே போட்டியிடலாம் என்று ஆனது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அந்தத் தேதிக்கு முன்பே அட்டை பெற்றவர்களுக்கு இது செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. அட்டையின் தேதியைப் பாருங்கள், விண்ணப்பிக்கும் வருஷத்துத் தகவல் கையேட்டையும் ஒரு வரி விடாமல் படியுங்கள். மாநில ஒதுக்கீட்டு விதிகள் தனி.

18 முடிந்தபின் அவள் இந்தியக் குடிமகளாக விரும்பினால், ஓ.சி.ஐ. பெற்று ஐந்து வருஷம் ஆகியிருந்து, விண்ணப்பத்துக்கு முந்தைய ஒரு வருஷம் இங்கே வசித்திருந்தால் மனு போடலாம். கிடைத்தால் மலேசியக் குடியுரிமை போய்விடும். அவசரப்பட வேண்டாம்.

மகன் விஷயம். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு மலேசிய அப்பாவின் குடியுரிமை சட்டப்படி சேர்ந்தது, அம்மாவுடையது சேரவில்லை. மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும். அம்மாமார்கள் வழக்குப் போட்டு 2021 செப்டம்பரில் உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள், 2022 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார்கள். அப்புறம் 2024இல் நாடாளுமன்றமே அரசியல் சட்டத்தைத் திருத்தி, அம்மாவுக்கும் அதே உரிமை என்றது. ஆனால் முன்பே பிறந்த பிள்ளைகளுக்கு அது செல்லாது. உங்கள் மகனை அந்தத் திருத்தம் தொடாது. பெண் என்பதற்காக இத்தனை வருஷம் மறுக்கப்பட்ட உரிமையை இனிப் பிறக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் தருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஈப்போ மகள் எழுதியது:

மிக்க நன்றி. மகளுக்கு 2016இலேயே ஓ.சி.ஐ. எடுத்தாகிவிட்டது. நேற்று ராத்திரி அவள் அட்டையை எடுத்துத் தேதியைப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள்.

மனசில் உள்ள இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் 12 வயசில் மைகாட் என்ற அடையாள அட்டை எடுக்க வேண்டும். அவளுக்கு 12 ஆனது 2021, எல்லை மூடியிருந்தது. அடுத்த வருஷக் கடைசியில் ஈப்போவுக்குக் கூட்டிப்போனேன். பதிவு இலாகா அதிகாரி ஒரு மலாய் அம்மா, சிரித்த முகம். பெயர் என்ன, எங்கே படிக்கிறாய் என்று மலாயில் கேட்டார். இவள் என் முகத்தைப் பார்த்தாள். ஒரு சொல்கூடத் தெரியவில்லை. பெருவிரல் ரேகையை வைத்துவிட்டு வெளியே வந்து, "இந்த ஊர் கார்டு எனக்கு எதுக்கும்மா?" என்றாள். மலாய் சொல்லிக் கொடுக்காதது என் தப்பு. சென்னையில் தமிழ் நிலைக்கட்டும், இந்தி வேண்டுமா வேண்டாமா என்று யோசித்த நேரத்தில் மலாய் கை நழுவிப் போய்விட்டது.

என்னுடைய சேமநிதிப் பணம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. குடியுரிமையை விட்டுக்கொடுத்தால் இப்போதே எடுத்துவிடலாம், இல்லாவிட்டால் வயசு வரும்வரை காத்திருக்க வேண்டும். வீட்டுக் கடனுக்கு உதவும் என்று வீட்டில் ஒரு தடவை பேச்சு வந்தது. நான் மாட்டேன் என்றுவிட்டேன்.

கிள்ளான் மருமகள் எழுதியது:

நான் நேர் எதிர். பிறந்தது பெரம்பூர், கட்டிக்கொடுத்தது மலேசியாவில் கிள்ளான். பதினோரு வருஷம் ஆகிறது. உங்கள் பதிவைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை அக்கா.

இங்கே "ஊர்" என்றாலே இந்தியாதான். நான் "ஊர்க்காரி". எங்கள் தாமானில் (குடியிருப்பில்) தமிழர்களே நிறையப் பேர், ஆனால் முதல் இரண்டு வருஷம் என்னோடு அளந்துதான் பேசினார்கள். ஊரிலிருந்து வந்தவள் எதையாவது பெரிதாகப் பேசிவிடுவாள் என்ற பயம். அவர்கள் தமிழைக் கேட்டு நான் ஒரு தடவை சிரித்துவிட்டேன், அதுதான் காரணம் என்று பின்னால் தெரிந்தது. சடக்கு என்றால் என்ன என்று கேட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு என் நாத்தனாருக்கு எப்படி வலித்திருக்கும் என்று உங்கள் மகனின் தாளைப் பற்றிப் படித்தபோதுதான் உறைத்தது.

என் பிள்ளைகள் இரண்டும் இங்கே தமிழ்ப்பள்ளியில் படிக்கின்றன. 1816இல் பினாங்கில் முதல் தமிழ் வகுப்புத் தொடங்கியது, இன்று நாடு முழுக்க ஐந்நூறுக்கு மேல் தமிழ்ப்பள்ளிகள். ஆறாம் ஆண்டு வரை மலாய், ஆங்கிலப் பாடங்கள் தவிர மற்றவை பெரும்பாலும் தமிழில்தான், இடைநிலைப் பள்ளியிலிருந்து மலாய். பெரம்பூரில் என் அண்ணன் பிள்ளைக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும். என் மகள் கணக்கு, அறிவியல் இரண்டையும் தமிழில் எழுதுகிறாள். போன தடவை பெரம்பூருக்கு வந்தபோது "பசியாறிட்டீங்களா தாத்தா" என்று என் அப்பாவைக் கேட்டாள். என் அம்மா உடனே, "நம்ம மாதிரி பேசு" என்று திருத்தினார். அப்பா மட்டும், "விடு, எவ்வளவு அழகா கேக்குறா" என்றார்.

எனக்கும் விசா வருஷா வருஷம்தான். மற்றதையெல்லாம் நீங்களே எழுதிவிட்டீர்கள்.

பள்ளித் தமிழ் எழுதியது:

இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சென்னையில் தமிழ் கற்பிக்கிறேன். நானும் இப்படி வட்டம் போட்டவள்தான்.

மூன்று சொற்களையும் தனித்தனியே பார்ப்போம். பசியாறு என்பது அகராதியில் உள்ள சொல், வட்டம் போட்டது பிழை. வெள்ளி என்பது வெள்ளிக் காசு புழங்கிய காலத்திலிருந்து அந்த நாட்டுத் தமிழர் தம் பணத்துக்கு வைத்திருக்கும் பெயர். நாம் ரூபாய் என்று எழுதினால் அந்த ஊர்க் கடையில் பொருந்துமா? அங்கே நடப்பதை எழுதும்போது வெள்ளி என்பதே சரி. சடக்கு மட்டும் வடக்கிலிருந்து வந்த சொல், பொதுத் தமிழில் சாலை என்றே எழுதுகிறோம். அந்த ஒன்றில் ஆசிரியையின் திருத்தம் நியாயம்.

பள்ளிக்குப் போங்கள். மதிப்பெண் கேட்கப் போகாதீர்கள். அந்தத் தாளோடு பையனையும் அழைத்துக்கொண்டு போய், இந்தச் சொற்கள் எங்கே, யார் பேசுகிறவை என்று அவனையே சொல்ல வையுங்கள். ஒரு வகுப்பில் ஐம்பது தாள் திருத்துகிறவருக்குப் பிள்ளையின் வீடு கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரிந்தால் பேனா நிற்கும். என் அனுபவம் இது.

வடபழனி அம்மா எழுதியது:

நான் மாமியார் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் மருமகள் சுங்கைப்பட்டாணிப் பெண். வந்த முதல் தீபாவளிக்குக் காலையிலேயே குளித்துப் பட்டுக் கட்டி, பலகாரத் தட்டெல்லாம் மேசையில் அடுக்கி, வாசல் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். "கொசு வரும், கதவைச் சாத்தும்மா" என்றேன். சாத்தவில்லை. மத்தியானம் ஒரு மணி வரை கதவையே பார்த்துக்கொண்டு இருந்தாள். எதிர் வீட்டுப் பிள்ளை ஒரு டப்பாவில் மைசூர்பாகு கொடுத்துவிட்டு ஓடிப்போனது, அவ்வளவுதான்.

அவர்கள் ஊரில் தீபாவளி என்றால் திறந்த இல்லமாம். மலாய்க்காரர், சீனர், கூட வேலை பார்ப்பவர், பள்ளிச் சிநேகிதர் என்று நாள் முழுக்க ஆட்கள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்களாம். அது எனக்குத் தெரிந்தது மூன்றாவது வருஷம்தான். அதுவும் அவள் சொல்லவில்லை, அவள் அம்மா போனில் சொன்னார். அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அடுத்த தீபாவளிக்கு எங்கள் அடுக்ககத்தில் இருக்கும் பன்னிரண்டு வீட்டுக்கும் நானே ஏறி இறங்கி, மதியச் சாப்பாட்டுக்கு வாருங்கள் என்று அழைத்தேன். எல்லோருமே வந்தார்கள். அவள் பரிமாறிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஈப்போ மகள் எழுதியது:

வடபழனி அம்மா, உங்கள் பதிவை என் மாமியார் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

இன்று பள்ளிக்குப் போய் வந்தோம். ஆசிரியை சின்னப் பெண், முப்பது வயசுகூட இருக்காது. முதலில் மதிப்பெண்ணுக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்து முகம் இறுகியது. சின்னவன் அவன் பாட்டுக்கு, பாட்டி எப்படிப் பேசுவார், பசியாறுவது என்றால் என்ன, வெள்ளி எப்படி இருக்கும் என்று சொல்லிக்கொண்டே போனான். பையிலிருந்து ஒரு வெள்ளி நோட்டை வேறு எடுத்துக் காட்டினான், எப்போது எடுத்து வைத்தான் என்று எனக்கே தெரியாது. ஆசிரியை தாளை வாங்கி இரண்டு வட்டத்தை அடித்து மதிப்பெண்ணைத் திருத்தினார். சடக்கு அப்படியே இருக்கிறது. வெளியே வரும்போது, "எங்க பாட்டியும் பர்மாவில இருந்து வந்தவங்கதான். அவங்க பேசுன சொல் ஒண்ணுகூட எனக்குத் தெரியாது" என்றார்.

அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "சடக்குக்குக் குடுக்கலையா?" என்று மட்டும் கேட்டார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நாசி லெமாக் செய்யலாம் என்று இருக்கிறேன். அதில் வாசத்துக்குப் போடும் பாண்டான் இலைச் செடி சென்னையில் எங்கே கிடைக்கும் என்று யாருக்காவது தெரியுமா? பொடியில் அந்த வாசம் வருவதில்லை.

மாதவரம் பேரன் எழுதியது:

அக்கா, எங்கள் மொட்டைமாடியில் ஒரு தொட்டி நிறைய இருக்கிறது. நர்சரியில் பிரியாணி இலை என்று சொல்லிக் கொடுத்தார்கள், பாட்டிதான் மோந்து பார்த்துவிட்டு இது மலாயா இலை என்றார். சாகும்வரை அதற்குத் தண்ணீர் ஊற்றியது அவர்தான். பக்கக் கன்று நாலைந்து விட்டிருக்கிறது. சனிக்கிழமை வேலையாகப் போரூர்ப் பக்கம் வருகிறேன், வேரோடு எடுத்து ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவருகிறேன். அப்பாவும் கூட வரட்டுமா என்று கேட்கிறார்.

ஈப்போ மகள் எழுதியது:

கட்டாயம் கூட்டி வாங்க தம்பி. காலையிலேயே வந்துவிடுங்கள், இங்கேயே பசியாறலாம்.